கோர்டன் ஹெஸ்லப்பின் நத்தைக் காவல்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சுரங்க ஊர் ரேவன்சைடில் தோட்டக்காரர்கள் யாரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். கோர்டன் ஹெஸ்லப் மற்ற மாதங்களிலும் உட்காராத ஆள். டீ குடிப்பது நின்றுகொண்டு, செய்தி பார்ப்பது நின்றுகொண்டு, மாமியார் செத்ததற்கு அழுததுகூட நின்றுகொண்டுதான். நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு பஸ் ஓட்டினார். அந்த வேலையில் மட்டும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அத்தனை வருடம் உட்கார்ந்ததற்குப் பழிவாங்கத்தான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து இந்த மனுஷன் நடந்துகொண்டே இருக்கிறார் என்று அவர் மனைவி ஆட்ரி சொல்வார். எடுத்த வேலையைப் பாதியில் விட்ட சரித்திரமும் கிடையாது. ஒருமுறை தன் வீட்டு வேலிக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்து, பக்கத்து வீட்டு வேலியையும் அடித்துவிட்டுத்தான் பிரஷ்ஷைக் கழுவினார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "பாதியில நிறுத்தினா பார்க்க நல்லாவா இருக்கும்?" என்றார்.

அந்த வருடம் அவர் கால் தரையில் பாவாததற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை ஊர் கிளப்பில் லீக்ஸ் போட்டி. லீக்ஸ் என்றால் வெங்காய ஜாதியில் தண்டும் இலையுமாக வளர்கிற காய்கறி. காய்கறிக் கடையில் கட்டுக்கட்டாக விற்கிற ஒல்லி லீக்ஸைச் சொல்லவில்லை. எங்களவர்கள் வளர்க்கிற லீக்ஸின் தண்டு குட்டையாக, சின்ன வாளி அகலத்துக்கு இருக்கும். அதன் தலையில் இலைகள் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். ஒன்றுபோல ஒன்று இருக்கிற இரண்டைத் தேர்ந்து ஜோடியாக மேசையில் வைக்க வேண்டும். இலையில் ஒரு கிழிசல் இருந்தாலும் ஜோடி மேசை ஏறாது. முதல் பரிசு ஒரு மின்சாரக் கெட்டில். அந்தக் கெட்டிலுக்காக ஆட்கள் குளிர்காலத்திலேயே எரு கரைக்க ஆரம்பிக்கிறார்கள், மகள் கல்யாணத் தேதியைத் தள்ளிப் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

போன சில வருடங்களாக அந்தக் கெட்டில் நெவில் ட்வெடல் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. கிளப் வாடகைக்கு விடுகிற தோட்டப் பாத்திகளில், நெவிலின் பாத்தி கோர்டனின் பாத்திக்கு ஒட்டினாற்போல. நடுவில் வேலி கிடையாது. இருவருக்கும் சேர்த்துக் கொட்டகை ஒன்று, தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று, இரும்பு கேட்டும் ஒன்றுதான். இருவரும் பள்ளிக்கூடம் முடித்த வருடமே சேர்ந்து சுரங்கத்தில் இறங்கியவர்கள். பூமிக்கடியில் கூட நின்று வேலை செய்தவனை எங்கள் பக்கம் 'மாரா' என்போம். கூடப்பிறந்தவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம், அவ்வளவு உசத்தி. சுரங்கத்தில் முட்டி நசுங்கியதால் நெவில் இடது காலை இழுத்துத்தான் நடப்பார். பேச்சு குறைவு. மனைவி இறந்த பிறகு இன்னும் குறைந்துவிட்டது. அவருக்கு அந்தப் பாத்தியும் ஒரு ஒல்லி நாயும்தான் மிச்சம். கோர்டனுக்கு ஊர் முழுக்கத் தெரிந்தவர்கள் உண்டு. நண்பன் என்று எண்ணினால் நெவிலோடு எண்ணிக்கை நின்றுவிடும்.

அந்த இருவருக்கும் ஒத்துவராத ஒரே விஷயம் நத்தை. ஓட்டோடு திரிகிற நத்தையை நாங்கள் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் எதிரி ஓடில்லாத நத்தை. சாம்பல் நிறத்தில் சுண்டுவிரல் நகம் அளவு ஒன்று, கரியாக நடுவிரல் நீளத்துக்கு ஒன்று. வெயில் காலத்தில் மண்ணுக்குள் பதுங்கிக் கிடப்பதெல்லாம் செப்டம்பர் ஈரம் பட்டதும் மேலே வந்து, தின்று, கூடி, முட்டையிடும். இப்போது ஒன்றை விட்டுவைத்தால் வசந்தத்தில் அதன் வம்சமே வந்து நாற்றைத் தின்னும். அதனால் எங்களுக்கு இலையுதிர் காலம் என்றால் இலை பார்க்கிற காலமில்லை, குனிந்து மண்ணைப் பார்க்கிற காலம். முன்பு நத்தையைக் கொல்ல நீல விஷக் குருணை போடுவோம். முள்ளெலியும் பறவையும் சாகிறது என்று அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. இப்போது கோர்டன் அடுப்புச் சாம்பலைச் சலித்து லீக்ஸைச் சுற்றி வளையம் போடுவார். நெவிலோ காலித் தயிர் டப்பாக்களை மண்ணில் கழுத்தளவு புதைத்து அதில் பீர் ஊற்றி வைப்பார். வாசத்துக்கு வந்து நத்தை உள்ளே விழுந்து சாகும்.

"நல்ல பீரைக் கொண்டுபோய் நத்தைக்கு ஊத்துறியே, உனக்குக் கை கூசலையாடா?" என்பார் கோர்டன்.

"நல்ல பீர்னு யார் சொன்னா? உனக்கு வாங்கித் தர்ற அதே பீர்தான்."

"என் பாத்திப் பக்கம் ஒரு டப்பா வச்சே, பிடுங்கி உன் தலையில கவுத்துடுவேன். சாவறதுக்கு முன்னாடி எதுக்கு அதுக்கு ஒரு ரவுண்டு?"

"மழை பேஞ்சா உன் சாம்பல் சேறுதான். அப்ப எங்கிட்ட வருவே."

"வருவேன், உன் கெட்டிலைப் பிடுங்கிட்டுப் போக."

இப்படியே போயிருக்கும். ஆனால் அதற்கு முந்தின வருடம், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் போட்டிக்குச் சில நாள் முன்னால் யாரோ ஒருவன் பாத்திக்குள் புகுந்து ஒரு பெரியவருடைய லீக்ஸை எல்லாம் கத்தியால் கீறிவிட்டுப் போயிருந்தான். எங்கள் பக்கம் இது புதிதில்லை. லீக்ஸ் இருக்கிற ஊரில் கத்தியும் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கோர்டனின் வாழ்நாளிலேயே அவ்வளவு நல்ல ஜோடி அந்த வருடம்தான் விளைந்திருந்தது. செய்தி அவர் மண்டைக்குள் புகுந்து குடையத் தொடங்கிவிட்டது. கேட்டுக்குப் பெரிய பூட்டு வாங்கினார். சாவி ஒன்று தனக்கு, ஒன்று நெவிலுக்கு. கொட்டகையிலிருந்து நாற்காலியை எடுத்துப் பாத்தி ஓரத்தில் போட்டார். ஈரத்தில் பூட்ஸ் வைக்க வேண்டாமே என்று, ஆட்ரி வரவேற்பறையிலிருந்து கழித்துப்போட்ட பழைய கம்பளத்தை மடித்து நாற்காலிக்குக் கீழே விரித்தார். பிறகு கேட்டைப் பார்த்தபடி காவல். ஐந்து நிமிடம் உட்காருவார், எழுந்து கேட்டுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், திரும்ப வந்து உட்காருவார். பொழுது இருட்டுகிறவரை இதே வேலை. முன்பெல்லாம் அந்தி நேரத்தில் வாளியோடு குனிந்து நத்தை பொறுக்கிய மனிதர் இப்போது நிமிர்ந்து ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல நீ உட்கார்ந்து பார்த்துட்டேன், இனி எனக்கு என்ன ஆனாலும் கவலையில்ல," என்றார் ஆட்ரி.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆட்ரியின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் காலையில் முடித்து, அன்றிரவு மகள் வீட்டில் தங்கி, மறுநாள் காட்டிவிட்டு வர வேண்டும். கோர்டன் போகாமல் இருக்க முடியாது. போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் நடந்த நடையில், ஒரு நர்ஸ் வந்து நீங்கள்தான் நோயாளியா என்று கேட்டுவிட்டுப் போனார். பகல் முழுக்க மழை, இரவும் விடாத மழை. மகள் வீட்டு ஜன்னலில் நின்றபடி, சாம்பல் கரைந்திருக்கும், சாம்பல் கரைந்திருக்கும் என்று முனகிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்ததும் ஆட்ரியை வாசலில் விட்டுவிட்டு நேரே பாத்திக்குத்தான் போனார். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்து உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஜோடியில் பெரியது கந்தலாகிக் கிடந்தது. வெளி இலைகள் நரம்பு நரம்பாக நீளவாக்கில் கிழிந்து, காற்றில் ரிப்பன்போல ஆடிக்கொண்டிருந்தன. நெவில் பாத்தியிலிருந்து அந்தச் செடிவரை சேற்றில் பூட்ஸ் தடம். வலது பாதம் ஆழமாக, இடது பாதம் இழுத்த கோடாக. செடிக்குப் பக்கத்தில் அந்தத் தடம் வெகுநேரம் நின்றிருந்தது தெரிந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்த மனிதனும் இரண்டில் ஒரு காரியம் செய்திருப்பான். கிழிந்த இலையைக் கையில் எடுத்து விளிம்பைப் பார்த்திருப்பான். கத்தி கீறியதற்கும் நத்தை சுரண்டியதைக் காற்று கிழித்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை கோர்டன். அல்லது நேரே நெவில் வீட்டுக்குப் போய், "மழையில என் பாத்திக்கு எதுக்குடா வந்தே?" என்று கேட்டிருப்பான். இரண்டும் செய்யவில்லை. அவர் மனதில் பல வாரமாக ஒரு கத்தி இருந்தது. அதைப் பிடிக்க ஒரு கைதான் பாக்கி. அது கிடைத்துவிட்டது.

அன்று மாலை கிளப்பில் நல்ல கூட்டம். போட்டிக்கும் பாத்திகளுக்கும் செயலாளர் லோர்னாதான், பீர் ஊற்றுகிறவரும் அவரே. நெவில் தன் வழக்கமான மூலையில், நாய் காலடியில் படுத்திருக்க, பாதிக் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். கோர்டனைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலைக் காலால் நகர்த்தி, "ஆட்ரிக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்றார்.

கோர்டன் உட்காரவில்லை. "என் லீக்ஸை யாரோ கத்தி வச்சுக் கிழிச்சிருக்கான்," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

 லோர்னா குழாயை மூடினார்.

"யாரு கோர்டன்?" என்றார்.

"கேட்டைத் தாண்டி யாரும் குதிக்கல. பூட்டு உடையல. சாவி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தது. மிச்சத்தை நீங்களே எண்ணிக்கங்க. நாலாவது கெட்டில் கேக்குதாம் ஒருத்தனுக்கு. கால் தடத்தையாவது அழிச்சிட்டுப் போயிருக்கலாம்."

நெவில் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட கோர்டனுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அடையாளம் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்து பாத்திச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நாயை எழுப்பிக்கொண்டு காலை இழுத்தபடி வெளியே போனார். மேசையில் பாதி பீர் அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் பீரைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் எழுந்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம்.

விஷயம் ஆட்ரிக்குப் பக்கத்து வீட்டு வழியாக வந்து சேர்ந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தவர், கோர்டன் உள்ளே வந்து கோட்டைக் கழற்றுகிறவரை காத்திருந்தார்.

"ஒத்தைக் கண்ணு மூடிக் கிடக்கிற எனக்கே தெரியுது, நெவில் அதைச் செய்யலேன்னு. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சிருக்கியே, உனக்கு என்ன வந்துது மனுஷா?"

"தடம் இருக்கு ஆட்ரி."

"தடம் யாரோடதுன்னுதான் இருக்கு. எதுக்கு வந்தான்னு அதுல எழுதியிருக்கா?"

கோர்டன் கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். அன்று அவர் நடந்த நடைக்குச் சமையலறைத் தரையே தேய்ந்திருக்க வேண்டும். தான் சொன்னது சரி என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். சரியாக இருக்கிற ஆள் அத்தனை தடவை சொல்லத் தேவையில்லை என்பது அவருக்குமே உறுத்தியது.

பெரியது போனாலும் பாத்தியில் இன்னும் சில நல்ல செடிகள் நின்றன. தேடிப் பார்த்து இன்னொரு ஜோடி சேர்த்தார். இப்போது இரண்டு சாவியும் அவர் பையில். விடிந்ததும் வருவார், நன்றாக இருட்டிய பிறகுதான் போவார். நாற்காலியை அந்தப் புது ஜோடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணைக் கேட்டிலிருந்து எடுக்காமலே கம்பளத்தையும் இழுத்து விரித்துக்கொண்டார். பக்கத்துப் பாத்தியில் நெவிலின் லீக்ஸ் ஆளில்லாமல் நின்றன. அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கக் கழுத்தைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. டீ போடக் கொட்டகைக்குப் போனால் கொக்கியில் இரண்டு கோப்பை தொங்கியது. டீயே வேண்டாமென்று வந்துவிட்டார்.

போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் வந்து பார்த்தால் புது ஜோடியிலும் கிழிசல்.

முதலில் கேட்டைப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி. சேற்றில் தடம் ஏதாவது உண்டா என்று பார்த்தார். எல்லாம் அவருடைய தடம்தான். இருட்டுகிறவரை அவரே இங்கே இருந்தார், விடியும்போது அவரே வந்தார், இரண்டு சாவியும் அவரிடமே. இனி சந்தேகப்பட உலகத்தில் ஒரே ஆள்தான் பாக்கி, அது அவரேதான். ஆத்திரத்தில் நாற்காலியை ஓங்கி உதைத்தார். அதன் கால் கம்பளத்தில் மாட்டி, கம்பளத்தையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது.

கீழே இருந்த மண் நெளிந்தது. கரிய நத்தை, சாம்பல் நத்தை, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியல் குவியலாக, வெளிச்சம் பட்டதும் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டன. நடுநடுவே வேகவைத்த ஜவ்வரிசி போல முட்டைக் கொத்துகள். இருட்டு, ஈரம், மெத்தென்ற கூரை, பக்கத்திலேயே சாப்பாடு என்று அவற்றுக்குச் சத்திரம் கட்டிக் கொடுத்துவிட்டு, அதன்மேல் நாற்காலி போட்டுக் காவலும் இருந்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனதும் அவை வேலைக்குக் கிளம்பியிருக்கின்றன. அவர் உட்கார்ந்த இடத்துக்கும் கிழிந்த இலைக்கும் நடுவில் வெள்ளிக் கோடுகள் பளபளத்தன. அன்று மழை கழுவிவிட்டது, இன்று கழுவ மழை இல்லை.

கோர்டன் மண்டியிட்டார். பைத்தியம் பிடித்தவர் மாதிரி இரு கையாலும் அள்ளி வாளியில் போட்டார். கம்பளம் கிடந்த இடம் முடிந்ததும் பாத்தி முழுக்க ஊர்ந்து தேடினார். கந்தலாகிக் கிடந்த அந்தப் பெரிய செடியின் இலைகளைத் தூக்கி அடியில் கையை விட்டார். விரலில் ஏதோ வழவழப்பாகத் தட்டுப்பட்டது. தோண்டி எடுத்தார். தயிர் டப்பா. மழை அடித்த சேறு அதை நிரப்பி மூடிவிட்டிருந்தது. சேற்றுக்குள் செத்த நத்தைகள், மூக்கில் அடிக்கிற பீர் வாடை. அடுத்த செடியின் அடியில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று. எல்லாம் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட தயிரின் டப்பா. அந்தப் புளிப்பை ஊரில் வாய் வைத்துத் தின்கிற ஒரே ஆள் நெவில்.

மழையில் சாம்பல் கரையும் என்று நெவிலுக்குத் தெரியும். மாரா ஊரில் இல்லை என்றும் தெரியும். அந்த மழையில் நசுங்கின முட்டியை மடக்கி, தன்னைத் தோற்கடிக்கப் போகிற ஜோடிக்கு முன்னால் மண்டியிட்டு, குடிக்க வைத்திருந்த பீரை ஊற்றியிருக்கிறார்.  கோர்டன் சேற்றில் உட்கார்ந்து அழுதார். அந்த வயதில் ஒரு மனிதன் அப்படி அழுவது கேட்க நன்றாக இருக்காது. நல்லவேளையாகக் கேட்க யாரும் இல்லை.

சேறு பூசிய கோலத்திலேயே நெவில் வீட்டுக் கதவைத் தட்டினார். நெவில் திறந்தார். வழி விடவில்லை, கதவுக்கு நடுவிலேயே நின்றார்.

"நத்தைடா," என்றார் கோர்டன். "கம்பளத்துக்கு அடியில. நான்தான் வளர்த்திருக்கேன். உன் டப்பாவெல்லாம் பார்த்தேன். ஏன்டா அன்னிக்கே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கல கோர்டன். முடிவு பண்ணிட்டு வந்து ஊருக்குச் சொன்னே."

"தப்புடா. தப்புப் பண்ணிட்டேன்."

"ஆமா," என்றார் நெவில். மெதுவாகக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

சனிக்கிழமை கிளப் மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து ஜோடி ஜோடியாக லீக்ஸ் அடுக்கியிருந்தது. கோர்டன் வெறுங்கையோடு போனார். நெவிலின் இடத்தில் துணி மட்டும் இருந்தது. அவருடைய லீக்ஸைப் பிடுங்கிக் கழுவி அவர் பெயரில் வைக்கலாமா என்று கோர்டன் இரண்டு நாள் யோசித்திருந்தார். கேட்காமல் அவர் செடியைப் பிடுங்குகிற யோக்கியதை தனக்கில்லை என்று விட்டுவிட்டார். கெட்டில் கீழத்தெரு ஆளுக்குப் போனது. கைதட்டல் ஓய்ந்ததும் கோர்டன் நடுவில் வந்து நின்றார்.

"என் லீக்ஸைக் கிழிச்சது நத்தை," என்றார்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார். கோர்டன் நிறுத்தவில்லை. கம்பளத்தைப் பற்றிச் சொன்னார், டப்பாக்களைப் பற்றிச் சொன்னார், நெவில் மழையில் எதற்கு வந்தார் என்று சொன்னார். "இந்த இடத்துலதான் நான் அவன்மேல பழி போட்டேன். அதே இடத்துல நின்னு சொல்றேன், என்னை மாதிரி ஒரு மடையன் இந்த ஊர்ல இல்ல." அப்போது யாரும் சிரிக்கவில்லை.

லோர்னா அவரை ஓரமாக அழைத்தார். "நல்லா சொன்னே. ஆனா நெவில் பாத்தியை விட்டுட்டார். போன வாரமே சொல்லி அனுப்பிட்டார்."

"யாருக்கும் குடுத்துடாதே லோர்னா."

"வரிசையில ஆள் நிக்குது, நான் என்ன பண்ணட்டும்? கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அவர் வந்து வேணும்னு சொன்னா அவருக்கு. இல்லேன்னா இல்ல."

அதாவது அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிற நாள். நெவில் யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லை. கோர்டன் இன்னும் இரண்டு முறை கதவைத் தட்டினார். உள்ளே நாய் குரைத்தது, கதவு திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கோர்டன் செய்தது ஊருக்குப் புரிய நாளாயிற்று. தன் பாத்தியை அப்படியே போட்டுவிட்டு, தினமும் அந்தி சாய்கிற நேரத்தில் வாளியில் உப்புத் தண்ணீரோடு நெவிலின் பாத்தி ஓரம் மண்டியிட்டார். பிடுங்காமல் நின்ற லீக்ஸ் அக்டோபர் ஈரத்தில் இன்னும் பருத்துக்கொண்டிருந்தன. செடியைப் பிடுங்கவில்லை, நத்தையை மட்டும் எடுத்தார். ஒவ்வோர் இலையாகத் தூக்கி, அடியைப் பார்த்து, மடிப்புக்குள் விரல் விட்டு, பொறுக்கி வாளியில் போடுவார். விழுந்த இலைகளை வாரி அப்புறப்படுத்துவார், மண்ணைக் கிளறி முட்டைக் கொத்துகளை எடுத்துப் பறவைகளுக்கு வெளியே போடுவார். முதல் செடியில் ஆரம்பித்தால் கடைசிச் செடி முடித்துத்தான் எழுந்திருப்பார். முதுகு விண்டு போகும். டப்பா புதைத்து பீர் ஊற்றவும் ஆரம்பித்தார், தன் கைக்காசில், நல்ல பீர்.

"உன் பாத்தியில நத்தைங்க கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்துது, நீ அவன் பாத்தியில போய்க் காவல் கிடக்கிறே. நாளைக்கு அதை யாருக்கோ குடுக்கப் போறாங்க," என்றார் ஆட்ரி.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல ஆட்ரி. இருந்தா செத்துடுவேன் போலிருக்கு."

மறுநாள் ஆட்ரி கடைக்குப் போனார். முட்டிக்குக் கீழே போட ஒரு ரப்பர் திண்டு வாங்கிவந்து வாசலில் வைத்தார்.

பாத்திகளுக்கு வெளியே கம்பி வேலியை ஒட்டி ஒரு சந்து போகிறது. நாயை நடத்துகிறவர்கள் அந்த வழியாகப் போவார்கள். அக்டோபர் நடுவில் ஒருநாள் அந்தியில், கால் இழுபடுகிற சத்தம் அந்தச் சந்தில் கேட்டது. கோர்டன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நெவில் போய்விடுவார் என்று பயம். சத்தம் நிற்காமல் கடந்து போனது. மறுநாளும் போனது. அதற்கடுத்த வாரம் ஒருநாள் கொஞ்சம் மெதுவாகப் போனது. இவை எல்லாவற்றையும் கோர்டன் குனிந்தபடியே காதால் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. வேலியோரம் ஓடிப்போய்ப் பேசியிருக்கலாமோ என்று புரள்வார், பேசாததே சரி என்று மறுபக்கம் புரள்வார். ஒருநாள் ஆட்ரி தலையணையோடு மாடியறைக்குப் போய்விட்டார்.

கடிகாரம் திருப்புகிற ஞாயிறுக்கு முந்தின நாள். தூறல் விட்டு, மண்ணிலிருந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. நத்தைகளுக்கு அதைவிட நல்ல மாலை கிடையாது. கோர்டன் வேலியோர வரிசையில் பாதி முடித்திருந்தார். நாளை இந்நேரம் இது வேறு யாருடைய பாத்தியோ. நினைக்க நினைக்க விரல் வேகமாயிற்று. வாளி கனத்தது.

சந்தில் காலை இழுக்கிற சத்தம் வந்தது. வேலிக்கு நேரே வந்ததும் நின்றது. நாய் கம்பிக்கு இந்தப் பக்கம் மூக்கை நீட்டி மூச்சு விட்டது.

"ஒண்ண விட்டுட்டே," என்றது நெவிலின் குரல்.

கோர்டன் குனிந்தபடியே கேட்டார். "எதுல?"

"இப்பப் பார்த்தியே, அந்தச் செடி. உள் மடிப்புல."

கோர்டன் இலையை விலக்கினார். பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "காணோமே."

"அது இல்ல மனுஷா, அதுக்கு அடுத்த இலை. ஆட்ரிக்குப் பண்ணின கண் ஆபரேஷனை உனக்கும் சேர்த்துப் பண்ணியிருக்கணும்."

இருந்தது. கரியது, நல்ல நீளம். எடுத்து வாளியில் போட்டார். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நெவில் கோட்டுப் பையில் கைவிட்டபடி தன் லீக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அவை போட்டி நாளில் இருந்ததைவிடப் பெரிதாக, ஒரு கிழிசல் இல்லாமல் நின்றன. வெகுநேரம் பார்த்தார்.  

நெவில் நாயின் கயிற்றைச் சுண்டினார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார்.

"காலையில லோர்னாவைப் பார்க்கப் போறேன்," என்றார். "எல்லாத்தையும் நீயே எடுத்துத் தொலைச்சிடாதே. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன், எனக்கும் நாலு மிச்சம் வை."

காலை இழுக்கிற சத்தம் சந்து முனைவரை போய்க் கேட்காமல் ஆயிற்று. கோர்டன் வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வரிசையில் மீதிப் பாதி பார்க்கப்படாமல் கிடந்தது, அதன் மேல் நத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.